அழுகலில் கரையாத முத்து, இனிப்பில் கரையும் பல்

தூத்துக்குடியில் முத்துச் சலாபம், அதாவது முத்துக் குளிப்பு, நடந்த காலத்தில், பெரும்பாலான சிப்பிகளைக் கத்தி வைத்துத் திறக்க மாட்டார்கள். வேலியடைத்த கொட்டுகளில் குவித்து வெயிலில் அழுக விட்டுவிடுவார்கள். ஒரு வாரம், பத்து நாளில் ஈ மொய்த்து, புழு வைத்து, சதை கூழாகிவிடும். பிறகு கடல்நீர் ஊற்றி அலசி, ஓடுகளை அகற்றி, அடியில் தங்கிய கசட்டை அரித்து முத்தைப் பொறுக்குவார்கள். சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் மன்னார் வளைகுடாவின் முத்துக் குளிப்பையும் சங்குக் குளிப்பையும் பற்றி 1890-இல் நூல் எழுதினார். தூத்துக்குடியின் கடைசிச் சலாபம் 1961-இல் நடந்தது. அந்த அழுகல் நாற்றத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்று மிகச் சிலரே இருப்பார்கள்.

முத்து என்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக்கல்லும் அதே பொருள்தான். காடியில் போட்டால் நுரைத்துக் கரையும். அப்படிப்பட்ட முத்து, கணக்கற்ற பாக்டீரியா பெருகிக் கிடந்த அழுகலில் அத்தனை நாள் ஊறியும் ஒளியோடு வெளியே வந்தது. நம் பல்லின் மேற்பூச்சான எனாமல் என்னும் பற்சிப்பியோ உடம்பிலேயே கடினமான பொருள், முத்தைவிட உறுதியானது. ஆனாலும் அதே தூத்துக்குடியின் மக்ரூனும் கருப்பட்டி மிட்டாயும் பக்கத்துக் கோவில்பட்டியின் கடலை மிட்டாயும் சில ஆண்டுகள் ஓயாமல் வாயில் புழங்கினால் அதில் ஓட்டை விழுந்துவிடுகிறது. இரண்டு இடத்திலும் வேலை செய்வது பாக்டீரியா. அங்கே தப்பியது ஏன், இங்கே கரைவது ஏன்?

இந்தக் கேள்விக்கு மிக நெருக்கமான ஒரு சோதனையை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெர்லினில் ஒருவர் செய்திருக்கிறார். வில்லோபி மில்லர் அமெரிக்கப் பல் மருத்துவர். ராபர்ட் கோஹின் ஆய்வுக்கூடத்தில் நுண்ணுயிரியல் கற்றவர். பிடுங்கிய பற்களை எச்சிலோடு கலந்த ரொட்டியில் போட்டு, உடல் வெப்பத்தில் வைத்தார். பல்லின் சுண்ணாம்புச் சத்து கரைந்து அது மென்மையாயிற்று. ரொட்டிக்குப் பதில் இறைச்சியைப் போட்டபோது பல் கரையவில்லை. எச்சிலைக் கொதிக்க வைத்துவிட்டுச் செய்தால் ரொட்டியிலும் ஒன்றும் நடக்கவில்லை. ஆகவே பல்லைக் கரைப்பது உணவு தானாக அல்ல. எச்சிலில் உள்ள உயிருள்ள ஏதோ ஒன்று, மாவையும் சர்க்கரையையும் தின்று வெளியிடும் அமிலம். 1890-இல் அவருடைய நூல் ஆங்கிலத்தில் வந்தது. அந்த இறைச்சிப் பாத்திரத்தைத்தான் நான் மீண்டும் மீண்டும் நினைத்துக்கொள்கிறேன். சலாபக் கரையின் கொட்டுகளும் ஒரு வகையில் அதுதான். சிப்பிச் சதையில் மாப்பொருள் கொஞ்சம், புரதமே மிகுதி.

பாக்டீரியா எதற்காக அமிலம் உண்டாக்க வேண்டும்? பல்லைக் கெடுக்கும் நோக்கம் அதற்கு இல்லை. அதற்கு வேண்டியது இரண்டு: உடலைக் கட்டுவதற்கான பொருள், கட்டும் வேலையை ஓட்டுவதற்கான ஆற்றல். ஆற்றல் என்பது எல்லா உயிர்களிலும் பெரும்பாலும் ஏ.டி.பி. என்ற மூலக்கூறாகத்தான் புழங்குகிறது. குளுக்கோஸ் மூலக்கூறு ஒன்றில் ஆறு கார்பன் அணுக்கள். பாக்டீரியா அதை மும்மூன்று கார்பன் கொண்ட இரு துண்டுகளாக உடைக்கிறது. உடைக்கும் வழியில் செலவு போக நிகரமாக 2 ஏ.டி.பி. கையில் மிஞ்சுகின்றன. கூடவே கொஞ்சம் ஹைட்ரஜனும் கழன்று வருகிறது. அதை எங்காவது தள்ளினால்தான் அடுத்த குளுக்கோஸை உடைக்க முடியும். நம் செல்கள் அதை ஆக்சிஜனிடம் ஒப்படைத்துத் தண்ணீராக்குகின்றன. பல்லின்மேல் ஒட்டியிருக்கும் பற்படலத்தின் அடியிலோ ஆக்சிஜன் இல்லை. அதனால் அங்குள்ள பாக்டீரியா, உடைத்த துண்டின் மேலேயே அந்த ஹைட்ரஜனை ஏற்றி வெளியே தள்ளுகிறது. அப்படித் தள்ளப்படும் கழிவுதான் லாக்டிக் அமிலம். ஆக்சிஜன் இன்றி இவ்வாறு சர்க்கரையை உடைத்து வாழ்வதற்கே நொதித்தல் என்று பெயர்.

உடன்குடிப் பக்கம் பனையேறிகள் இந்த வேதியியலைத் தலைமுறை தலைமுறையாகக் கையாண்டு வருகிறார்கள். பாளை சீவிக் கட்டிய கலயத்தில் சொட்டும் பனஞ்சாறு காற்றிலும் பாளையிலும் உள்ள நுண்ணுயிர்களுக்குப் பெரிய விருந்து. சும்மா விட்டால் சில மணி நேரத்தில் புளித்துக் கள்ளாகிவிடும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவி வைத்தால் அதே சாறு பதநீராக இனிப்பாகவே இறங்கும். சுண்ணாம்பின் காரத்தில் நுண்ணுயிர்களால் பெருக முடிவதில்லை; கொஞ்சம் அமிலம் பிறந்தாலும் சுண்ணாம்பு அதை முறித்துவிடுகிறது. நம் வாயையும் இப்படியொரு கலயமாக வைத்துக்கொள்வோம். சர்க்கரை வந்து விழுகிறது, தின்ன ஆள் காத்திருக்கிறது. சுண்ணாம்பு எங்கே என்பதுதான் கேள்வி. விடைக்கு முன் தின்பவர்களைப் பார்க்க வேண்டும்.

மனித வாய்களில் 700-க்கும் மேற்பட்ட பாக்டீரியா வகைகளைக் கண்டிருக்கிறார்கள். அவற்றில் பல் சொத்தைக்குப் பேர்போனது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ். லண்டனில் கிலியன் கிளார்க் அதை 1924-இல் சொத்தைப் பற்களிலிருந்து பிரித்தெடுத்தார். சர்க்கரையை உள்ளே இழுக்க அதனிடம் ஒரு திறமையான ஏற்பாடு இருக்கிறது. செல்லின் சவ்வைக் கடக்கும்போதே சர்க்கரையின் மேல் ஒரு பாஸ்பேட் தொகுதியை ஒட்டிவிடும். ஒட்டியபின் சர்க்கரை வெளியே நழுவ முடியாது. உடைப்பதற்கான முதல் படியும் அதிலேயே முடிந்துவிடும். வாயில் சர்க்கரை மிகக் கொஞ்சமாக இருக்கும்போதும் அதைப் பொறுக்கி எடுக்க இது உதவுகிறது.

கரும்புச் சர்க்கரையை, அதாவது சுக்ரோஸை, மியூட்டன்ஸ் இன்னொரு விதமாகவும் பயன்படுத்துகிறது. சுக்ரோஸ் என்பது குளுக்கோஸும் பிரக்டோஸும் இணைந்தது. அந்த இணைப்பில் கொஞ்சம் ஆற்றல் அடங்கியிருக்கிறது. மியூட்டன்ஸ் வெளியே விடும் நொதிகள் அந்த ஆற்றலைக் கொண்டே குளுக்கோஸ்களைக் கோத்து, தண்ணீரில் கரையாத பிசினாக மாற்றுகின்றன. அந்தப் பிசின் பாக்டீரியாவைப் பல்லோடு ஒட்டவைக்கும். எச்சில் எளிதில் புகாதபடி அமிலத்தைப் பல்லருகே தேக்கியும் வைக்கும். மிஞ்சிய சர்க்கரையை மியூட்டன்ஸ் தன் செல்லுக்குள்ளே சேமித்து, நாம் சாப்பிட்டு முடித்த பிறகும் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து அமிலம் விட்டுக்கொண்டிருக்கும். கருப்பட்டி பல்லுக்குக் கெடுதல் செய்யாது என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. கருப்பட்டியில் இரும்புச் சத்தும் மணமும் இருக்கலாம், பெரும்பகுதி சுக்ரோஸ்தான். மியூட்டன்ஸுக்குப் பனையும் கரும்பும் ஒன்றே.

அமிலத்தின் அளவைப் பிஎச் என்ற எண்ணால் சொல்வார்கள். 7 நடுநிலை, கீழே போகப் போக அமிலம், ஒவ்வொரு எண் இறங்கும்போதும் பத்து மடங்கு. ஏறத்தாழ 5.5-க்குக் கீழே போனால் பற்சிப்பி கரையத் தொடங்கும். இதை வாய்க்குள்ளேயே நேரடியாக அளந்தவர் ராபர்ட் ஸ்டீபன். 1940-களின் தொடக்கத்தில், மிக நுண்ணிய மின்முனைகளைப் பற்படலத்தில் வைத்து, ஆட்களைச் சர்க்கரைக் கரைசலால் வாய் கொப்பளிக்கச் சொன்னார். சில நிமிடங்களுக்குள் பிஎச் சரிந்து விழுந்தது. பழைய நிலைக்கு ஏற அரை மணி முதல் ஒரு மணி நேரம் பிடித்தது. அவர் வரைந்த கோட்டைப் பல் மருத்துவ மாணவர்கள் இன்றும் ஸ்டீபன் வளைவு என்று படிக்கிறார்கள். சரிவு ஏன் என்பதற்கு விடை தெரிந்துவிட்டது. ஏற்றம் எப்படி வந்தது என்பதில்தான் இந்தக் கட்டுரையின் மறுபாதி இருக்கிறது.

அதற்குள் போகும் முன், எவ்வளவு சர்க்கரை என்பதைவிட எத்தனை தடவை என்பதே முக்கியம் என்று காட்டிய சான்றுகளைச் சொல்லியாக வேண்டும். 1950-இல் எலிகளுக்குச் சொத்தை உண்டாக்கும் சர்க்கரை உணவைக் குழாய் வழியே நேராக வயிற்றுக்குள் செலுத்திப் பார்த்தார்கள், சொத்தை வரவில்லை. வாயில் பட்டால்தான் கெடுதல். 1954-இல் நுண்ணுயிரே இல்லாமல் வளர்த்த எலிகளுக்கு அத்தகைய உணவை வாய் வழியாகவே கொடுத்தார்கள், அப்போதும் வரவில்லை. மனிதரில் கிடைத்த சான்று துயரமானது. சுவீடனின் விப்பெஹோல்ம் மருத்துவமனையில் 1940-களில், மனவளர்ச்சி குன்றியோரைக் கொண்டே, அவர்கள் சம்மதம் சொல்ல வழியில்லாத நிலையில், ஒட்டும் மிட்டாய்களை உணவு நேரங்களுக்கு இடையில் கொடுத்துச் சோதித்தார்கள். அப்படித் தின்றவர்களின் பற்கள் வேகமாகச் சொத்தையாயின. சாப்பாட்டோடு சர்க்கரை உண்டவர்களுக்கு அவ்வளவு இல்லை. இன்று உலகெங்கும் மருத்துவர்கள் சொல்லும் அறிவுரை அந்த மனிதர்களின் பற்களிலிருந்து வந்தது. செய்தது அநீதி என்பதை அந்த முடிவைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அடிக்கடி அமிலம் பட்டால் பல் மட்டும் மாறுவதில்லை, வாயின் மக்கள்தொகையே மாறுகிறது. இங்கிலாந்தில் பிலிப் மார்ஷும் உடனிருந்தவர்களும் 1989-இல் வெளியிட்ட ஆய்வில், பல வகை வாய் பாக்டீரியாக்களை ஒரே பாத்திரத்தில் வளர்த்து நாள்தோறும் குளுக்கோஸ் ஊட்டினார்கள். பிறக்கும் அமிலத்தை உடனுக்குடன் முறித்து பிஎச்சை 7-இல் நிறுத்தியபோது கூட்டத்தின் அமைப்பு பெரிதாக மாறவில்லை. அமிலத்தை அதன் போக்கில் விட்டபோது மியூட்டன்ஸும் லாக்டோபாசில்லஸும் மற்றவற்றை ஓரங்கட்டிவிட்டன. உள்ளே புகும் அமிலத்தை வெளியே இறைக்கும் வல்லமை அவற்றுக்கு மிகுதி. ஆக, சர்க்கரையைவிடச் சர்க்கரையிலிருந்து பிறந்த அமிலமே ஆட்களைத் தேர்ந்தெடுக்கிறது.

இனி மறுபாதிக்கு வருவோம். திருச்செந்தூரில் கந்த சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருப்பவர்களும், காயல்பட்டினத்தில் ரமலான் நோன்பு இருப்பவர்களும் அறிந்த ஒன்று: பல் துலக்கிவிட்டு ஒன்றுமே சாப்பிடாமல் இருந்தாலும் பிற்பகலில் வாய் வாடை அடிக்கும். நாம் பட்டினி, பாக்டீரியா பட்டினி இல்லை. அவை எதைத் தின்கின்றன?

எச்சிலைத்தான். நாளொன்றுக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை எச்சில் சுரக்கிறது. அதன் வழவழப்புக்குக் காரணம் மியூசின் என்ற புரதம். நீண்ட புரத இழையில் மயிர் போலக் கிளை கிளையாகச் சர்க்கரைச் சங்கிலிகள். இதைத் தனியொரு பாக்டீரியாவால் முழுதாகச் செரிக்க முடியாது. ஒன்று சங்கிலியின் நுனிச் சர்க்கரையை வெட்டும். இன்னொன்று அடுத்த கண்ணியை. சங்கிலிகள் போய் இழை வெளிப்பட்டதும் புரதம் வெட்டும் நொதி உள்ளவை அதை அமினோ அமிலங்களாகத் துண்டாக்கும். ஒருவர் கழிவு மற்றவர் உணவு. வெய்லொனெல்லா என்ற பாக்டீரியாவுக்குச் சர்க்கரையைத் தின்னவே தெரியாது. மற்றவை துப்பும் லாக்டிக் அமிலத்தைத் தின்று அதைவிட மென்மையான அமிலங்களாக மாற்றி வாழ்கிறது. நாம் இனிப்புத் தின்னும் நேரம் நாளில் சில நிமிடங்களே. மீதி நேரமெல்லாம் வாய் பாக்டீரியாவின் அன்றாடச் சோறு இந்த எச்சில் புரதம்தான்.

அமினோ அமிலங்கள் அவற்றுக்கு இரட்டைப் பயன் தருபவை. அப்படியே கோத்தால் தம் உடலின் புரதமாகும், உடைத்தால் ஆற்றல். உடைக்கும்போது சர்க்கரையில் இல்லாத ஒன்று வெளிப்படுகிறது. அமினோ அமிலம் ஒவ்வொன்றிலும் நைட்ரஜன் உண்டு. அது கழன்று அம்மோனியாவாக வெளியேறும். அம்மோனியா காரம். இதோ நாம் தேடிய சுண்ணாம்பு: வாய்க்கலயத்தில் அதைப் பூசுவதும் பாக்டீரியாவே. சலாபக் கொட்டுகளில் முத்தைக் காத்ததும் இதே காரம்தான்.

இதில் சிறந்தது அர்ஜினின் என்ற அமினோ அமிலம். அதில் நான்கு நைட்ரஜன் அணுக்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சாங்குயினிஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கோர்டோனி போன்றவை அதை மூன்று படிகளில் உடைத்து, இரண்டு அம்மோனியாவும் ஒரு கார்பன் டைஆக்சைடும் வெளியிட்டு, ஒரு ஏ.டி.பி.யைச் சம்பாதிக்கின்றன. ஒரே ஒரு ஏ.டி.பி.தான், குளுக்கோஸ் தருவதில் பாதி. ஆனால் அமிலம் சூழ்ந்த நேரத்தில் அந்த அம்மோனியா அவற்றின் உயிரையே காக்கிறது. நம் பல்லும் கூடவே காக்கப்படுகிறது. இவை மியூட்டன்ஸின் நெருங்கிய உறவினர்கள். சர்க்கரை கிடைத்தால் இவையும் அமிலம் விடுபவைதான். எச்சிலில் பிஎச்சை ஏற்றும் பொருள் எது என்று 1970-களில் தேடிய இஸ்ரேல் கிளைன்பர்க், அர்ஜினின் அடங்கிய நான்கு அமினோ அமிலச் சிறுதுண்டு ஒன்றைக் கண்டு அதற்கு சியாலின் என்று பெயரிட்டார். சொத்தை இல்லாதவர்களின் பற்படலத்திலும் எச்சிலிலும் அர்ஜினினை உடைக்கும் திறன், சொத்தை உள்ளவர்களைவிட அதிகமாக இருப்பதைப் பின்னர் வந்த அளவீடுகள் காட்டின. அர்ஜினின் சேர்த்த பற்பசைகள் இந்த வழியில் பிறந்தவை. ஸ்டீபன் வளைவின் ஏற்றத்துக்கு எச்சிலின் பைகார்பனேட் பெரும் காரணம்; இந்த அம்மோனியாவும் ஒரு காரணம்.

கடலை மிட்டாய் பிரியர்கள் ஒன்று கேட்கலாம்: நிலக்கடலைப் புரதத்தில் அர்ஜினின் நிறைய உண்டே? உண்டு. ஆனால் அது புரதத்துக்குள் பூட்டியிருக்கிறது. வெல்லப்பாகோ வாயில் பட்டதும் கரைகிறது. பூட்டு திறக்குமுன் அமிலம் வந்துவிடும். வெற்றிலைச் சுண்ணாம்பு பல்லைக் காக்கும் என்று சொல்லித் தாம்பூலத்துக்கு யாரும் நியாயம் தேட வேண்டாம். பாக்கு வாய்ப்புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்பது ஐயமற நிறுவப்பட்டது.

காரம் என்றதும் நன்மை என்று நினைத்துவிடவும் கூடாது. சிஸ்டீன், மெத்தியோனின் ஆகிய இரு அமினோ அமிலங்களில் கந்தகம் உண்டு. அவை உடையும்போது ஹைட்ரஜன் சல்பைடும் மீத்தைல் மெர்காப்டனும் ஆவியாகின்றன. வாய் வாடையின் பெரும்பகுதி இவைதான் என்பதைக் கனடாவில் ஜோசப் டான்செடிச் வாயுக்களைப் பிரித்தறியும் கருவியைக் கொண்டு 1971-இல் நேரடியாகக் காட்டினார். லைசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து கார்பன் டைஆக்சைடு கழன்றால் கடாவரின். பிண நாற்றத்தில் உள்ள பொருள் அது. துறைமுகத்தில் இறங்கும் சூரை மீனை ஐஸ் இல்லாமல் வெயிலில் விட்டால் ஹிஸ்டிடின் அதே வகை மாற்றத்தால் ஹிஸ்டமின் ஆகிறது. சமைத்தாலும் அது போகாது. தின்றவர்களுக்கு முகம் சிவந்து தடிப்பு வரும். ஏற்றுமதிக் கூடங்களில் ஹிஸ்டமின் அளவைச் சோதிப்பது அதனால்தான். விரத நாளில் எச்சில் குறைந்து, அடித்துச் செல்ல உணவும் இல்லாதபோது, நாக்கின் பின்புறத்தில் தங்கிய பாக்டீரியா இந்த வேலையைத் தடையின்றிச் செய்கிறது.

ஈறுக்கும் பல்லுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் எச்சில் அதிகம் புகாது. அங்கே ஊறுவது இரத்தத்திலிருந்து கசியும் புரதம் நிறைந்த நீர். போர்பிரோமோனாஸ் ஜிஞ்ஜிவாலிஸ் அங்கே குடியிருக்கிறது. சர்க்கரை அதற்குப் பெரும்பாலும் பயன்படுவதில்லை. தனி அமினோ அமிலங்களையும் அது அதிகம் விரும்புவதில்லை. இரண்டு மூன்று கோத்த துண்டுகளாகத்தான் எடுத்துக்கொள்ளும். துண்டாக்குவதற்கு ஜிஞ்ஜிபெயின் என்ற வலிய நொதிகளை வைத்திருக்கிறது. ஹீமோகுளோபினை வெட்டி அதன் இரும்புப் பகுதியைத் தன் மேல் பூசிக்கொள்வதால், இரத்தம் கலந்த வளர்ப்புத் தட்டில் கறுப்புத் திட்டுகளாக வளரும். இந்த நொதிகளால் ஈறு வீங்கும், கசிவு கூடும், இரத்தம் வரும். கூடிய கசிவு அதற்குக் கூடுதல் உணவு. ஈறு நோய் தன்னைத் தானே வளர்த்துக்கொள்வது இப்படித்தான். காரம் மிகுந்த இடத்தில் எச்சிலின் கால்சியமும் பாஸ்பேட்டும் படிந்து பற்காரையாக இறுகுவதும் கூடச் சேர்ந்துகொள்ளும்.

சர்க்கரையை உடைப்பது, புரதத்தை உடைப்பது என்ற இந்த இரு வழிகளும் முதியவர்களின் வாயில் ஒரே குழியில் சந்திக்கின்றன. ஈறு இறங்கிப் பல்லின் வேர் வெளியே தெரியும்போது அங்கே பற்சிப்பி இல்லை. வேரின் பொருளில் கனிமத்தோடு கொலாஜன் என்ற புரதமும் கலந்திருக்கிறது. அது கரையத் தொடங்க 5.5 வரை இறங்க வேண்டியதில்லை. 6-க்கு மேலேயே கரையும். முதலில் சர்க்கரை தின்பவற்றின் அமிலம் கனிமத்தைக் கரைத்துக் கொலாஜனை வெளிக்காட்டும். பிறகு பாக்டீரியாவின் நொதிகளும், அமிலத்தால் முடுக்கப்பட்ட நம் உடலின் சொந்த நொதிகளுமே அந்தக் கொலாஜனை அறுக்கும். இரத்த அழுத்தத்துக்கும் மன நோய்க்கும் தரும் மருந்துகள் பலவற்றால் எச்சில் குறைந்தவர்களுக்கு இது இன்னும் வேகமாக நடக்கும். வாய் வறட்சிக்கு மிட்டாய் சப்பும் பழக்கம் வீட்டுப் பெரியவர்களிடம் இருந்தால், அதற்குப் பதில் சைலிட்டால் சேர்த்த, சர்க்கரை இல்லாத மிட்டாய் கொடுக்கலாம். சுவைக்கும்போது எச்சில் ஊறும். மியூட்டன்ஸ் அந்தச் சைலிட்டாலையும் உள்ளே இழுத்து பாஸ்பேட் ஒட்டும், ஆனால் அதை உடைத்து ஒரு ஏ.டி.பி.யும் சம்பாதிக்க அதனால் முடியாது.